ஊருக்குத் திரும்பாதவர்களின் ஓய்வூதியம்: ஜீவனஹள்ளியை முன்வைத்து விட்லி அறிக்கைக்கு ஒரு மறுப்பு

இந்திய ஆலைத் தொழிலாளியின் முதுமைக்கால ஏற்பாடுகளைப் பற்றி எழுதுவோர் பலரும் இந்தியத் தொழிலாளரின் நிலையை விசாரித்து 1931-இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கையிலிருந்தே தொடங்குகிறார்கள். தொடங்குவதில் பிழையில்லை. அந்த அறிக்கை தொழிலாளியின் முதுமையை எந்தக் கண்ணால் பார்த்ததோ அதே கண்ணால் பிற்கால வரலாற்றையும் பார்த்துவிடுவதில்தான் பிழை நேர்கிறது. நகரத்துத் தொழிலாளிக்கு ஊரில் ஒரு வீடும் உறவும் உண்டு, நோயிலும் வேலையின்மையிலும் முதுமையிலும் அவன் அங்கே போய்ச் சேர்வான், ஆகவே ஊர்த் தொடர்பைப் பேணி வளர்ப்பதே நல்லது என்பது அதன் வாசிப்பு. இந்த வாசிப்பு அன்றே பாதி உண்மைதான் என்பதும், அதன் நிழல் 1995 வரை நீண்டு, தொழிலாளியின் சொந்த முதுமைக்கான மாத ஓய்வூதியத்தை எல்லாப் பயன்களுக்கும் கடைசியில் தள்ளியது என்பதும் இக்கட்டுரையின் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் பெங்களூரு கிழக்கு ரயில் நிலையத்தை ஒட்டிய ஜீவனஹள்ளி.

பெங்களூரு தண்டின் (கன்டோன்மென்ட்) வரலாறு வாசகர் அறிந்ததே. 1809-இல் பிரிட்டிஷ் படை ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து இங்கே வந்தது. அதன் பின்னே தமிழ் மாவட்டங்களிலிருந்து கூலிகளும் சமையற்காரர்களும் கொத்தர்களும் வந்தார்கள். 1864-இல் ஜோலார்பேட்டை ரயில்பாதை திறந்தது. 1898 பிளேக்குக்குப் பின் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் போன்ற புறநகர்கள் எழுந்தன. ஜீவனஹள்ளி அந்தப் புறநகர்களின் விளிம்பு. ரயில்வே, சிகரெட் ஆலை, பின்னர் பொதுத்துறைத் தொழிற்சாலைகள் என்று சம்பளத்தை நம்பிய குடும்பங்களின் இடம். இவர்களில் பலருக்கு வட ஆர்க்காட்டிலோ சேலத்திலோ ஒரு குலதெய்வக் கோயில் இருக்கும், கல்யாணத்துக்குப் போய்வர உறவும் இருக்கும். நிலம் இருக்காது. மூன்றாம் தலைமுறைக்கு ஊர் என்பது திருவிழாவுக்குப் போகும் இடம், சாகப்போகும் இடமல்ல.

விட்லி ஆணையத்துக்கு நியாயம் செய்தே மறுக்கவேண்டும். வி. எஸ். சீனிவாச சாஸ்திரி, என். எம். ஜோஷி போன்றோர் அதில் உறுப்பினர்கள். தொழிலாளிமீது அக்கறையில்லாதவர்கள் எழுதிய அறிக்கையல்ல அது. தொழிலாளி நகரத்தின் கவர்ச்சியால் இழுக்கப்பட்டு வரவில்லை, ஊரின் வறுமையால் தள்ளப்பட்டு வருகிறான் என்று அது சொன்னது சரி. நோய்க்காப்பீடு பற்றி ஆராயவேண்டும் என்றும் சொன்னது. முதுமையைப் பொறுத்தவரை, பொதுவான ஓய்வூதியமோ வைப்புநிதியோ சாத்தியப்படும்வரை, முதலாளிகளே அத்தகைய திட்டங்களைத் தொடங்க அரசு ஊக்கம் தரட்டும் என்று பரிந்துரைத்தது. எனக்கு உடன்பாடில்லாத இடம் இதுதான். வறுமையால் ஊரை விட்டுத் தள்ளப்பட்டவன் முதுமையில் எதை நம்பி அதே ஊருக்குத் திரும்புவான்? தள்ளிய வறுமை அங்கேயே இருக்கிறது. கூடுதலாக அவன் உழைக்கும் வலுவையும் இழந்திருக்கிறான். அறிக்கையின் முதல் கூற்றே அதன் முடிவை முறிக்கிறது.

ஆணையத்தின் வரம்பையும் கவனிக்கவேண்டும். அது விசாரித்தது பிரிட்டிஷ் இந்தியாவின் ஆலைகளையும் தோட்டங்களையும். பம்பாய்க்கு ரத்னகிரி இருந்தது, கல்கத்தாச் சணல் ஆலைகளுக்குப் பீகார் இருந்தது. ஆண்கள் தனியே வந்து குடும்பத்தை ஊரில் விட்ட நகரங்கள் அவை. மைசூர் சமஸ்தானம் அந்த வரம்புக்கு வெளியே. பெங்களூரு தண்டைப் போலக் குடும்பத்தோடு வந்து, சர்ச்சும் மசூதியும் மாரியம்மன் கோயிலும் கட்டிக்கொண்டு நிலைத்துவிட்ட தொழிலாளரைக் கணக்கில் எடுத்திருந்தால், ஊரே காப்பீடு என்ற முடிவு அவ்வளவு எளிதாக வந்திருக்காது.

இனி அந்த வாசிப்பின் பிற்கால வாழ்வு. 1952 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருங்கால வைப்புநிதித் திட்டம் முதலில் ஆறு தொழில்களுக்கே உரியது: சிமென்ட், சிகரெட், பொறியியல் பொருள்கள், இரும்பும் எஃகும், காகிதம், துணி. ஜீவனஹள்ளியின் சிகரெட் தொழிலாளி முதல் பட்டியலிலேயே இருந்தார். பீடி சுற்றியவர் 1977 வரை காத்திருந்தார். தொழிலாளி ஆறேகால் விழுக்காடு, முதலாளி அதே அளவு. ஓய்வின்போது கிடைப்பது மொத்தமாக ஒரு தொகை. நிலம் வாங்கவும் வீடு கட்டவும் ஊருக்குத் திரும்பும் ஒருவனுக்கு ஏற்ற வடிவம் அது. நகரத்தில் தங்குபவருக்கோ அந்தத் தொகை மகளின் கல்யாணத்திலும் போகியத்துக்கு எடுத்த வீட்டிலும் கரையும்.

மாதாமாதம் பணம் கொடுக்கும் நிர்வாக வலு அன்றைய அரசுக்கு இல்லை, அதனால்தான் மொத்தத் தொகை என்று ஒரு சமாதானம் உண்டு. அது நிற்காது. பி. பி. அடார்க்கர் 1944-இல் அளித்த அறிக்கையின் வழியில் பிறந்த 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம், வேலையில் அடிபட்டு நிரந்தரமாக ஊனமுற்றவருக்கும், வேலை விபத்தில் இறந்தவரின் மனைவி மக்களுக்கும் தவணைதோறும் பணம் தர ஏற்பாடு செய்தது. அத்திட்டம் 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. ஒரே ஆண்டில் பிறந்த இரு திட்டங்களில் ஒன்று தவணையாகக் கொடுத்தது, மற்றது மொத்தமாகக் கொடுத்தது. கொடுக்கும் முறை தெரியாததல்ல குறை. முதுமைக்கு அது தேவையென்று கருதப்படவில்லை.

பக்கத்து ரயில்வே குடியிருப்புகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ரயில்வே ஊழியருக்கும் முதலில் வைப்புநிதிதான். 1957 நவம்பர் முதல் புதிதாகச் சேர்ந்தோருக்கு பென்ஷன் வந்தது. பழையவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அந்தத் தேர்வுரிமை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. வைப்புநிதியிலேயே நின்றுவிட்டவர்கள் பின்னாளில் தங்களுக்கும் பென்ஷன் வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் சென்றார்கள். கிருஷ்ண குமார் வழக்கில் 1990-இல் தோற்றார்கள். மொத்தத் தொகையை விரும்பியே எடுத்தவர்கள்கூட, முதுமைக்குள் நுழைந்தபின் மாதப் பணத்தின் அருமையை உணர்ந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் காணவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு இந்தத் தேர்வுகூட இல்லை. 1958-இல் வி. கே. ஆர். மேனன் தலைமையிலான சமூகப் பாதுகாப்பு ஆய்வுக் குழு, இ.எஸ்.ஐ.யையும் வைப்புநிதியையும் ஒன்றிணைத்து, முதுமை, ஊனம், குடும்பத்தலைவரின் மறைவு ஆகிய மூன்றுக்கும் ஓய்வூதியம் தரவேண்டுமென்று பரிந்துரைத்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 1971 மார்ச் 1-இல் வந்தது மூன்றில் ஒன்றுதான்: ஃபேமிலி பென்ஷன். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து 1.16 விழுக்காடு, முதலாளியின் பங்கிலிருந்து 1.16, மத்திய அரசு 1.16. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் மனைவிக்கு மாதம் ஒரு தொகை. உயிரோடு ஓய்வு பெற்றால் மாதப் பணம் இல்லை.

மூன்றில் ஏன் இது மட்டும்? இங்கே ஆவணச் சான்று மெலிது. ஆகவே வாதத்தை முழுமையாக வைக்கிறேன். பணம் குறைவாகத் தேவைப்பட்டது என்பது வழக்கமான விடை. பணியில் இருக்கும்போது இறப்பவர் சிலரே என்பதால் அதில் உண்மையுண்டு. ஆனால் அது மட்டும் போதாது. ஊருக்குத் திரும்புவான் என்ற அனுமானம் ஓய்வு பெறுபவனுக்குப் பொருந்தும், இறந்தவனுக்குப் பொருந்தாது. திரும்புவதற்கு ஆளே இல்லை. எனவே பழைய வாசிப்பைக் கைவிடாமலே விதவைக்கு மாதப் பணம் தரமுடிந்தது. 1976-இல் வந்த அடுத்த சேர்க்கையும் சாவோடு தொடர்புடையதே: வைப்புநிதியுடன் இணைந்த காப்பீட்டுத் திட்டம். சாவுக்கு இரண்டு திட்டம், முதுமைக்கு ஒன்றுமில்லை என்ற நிலை ஏறக்குறைய இரண்டு பத்தாண்டுகள் நீடித்ததைத் தற்செயலென்று ஏற்க என்னால் முடியவில்லை.

முதுமைக்கான மாத ஓய்வூதியம் 1995 நவம்பர் 16-இல் வந்தது. முதலாளியின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு, அரசின் 1.16, பத்தாண்டு பணி, 58 வயது. சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் பென்ஷன். மனைவிக்கு, அல்லது கணவருக்கு, அதில் பாதி. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயதுவரை தனியே. முழுமையாகவும் நிரந்தரமாகவும் ஊனமுற்றவருக்குப் பத்தாண்டுக் கணக்கே வேண்டாம். மேனன் குழு கேட்ட மூன்றும் ஒருவழியாகச் சேர்ந்தன.

இத்திட்டத்தின் 12-ஆம் பத்தியில் ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. திட்டத்தைப் பற்றிப் பேசுவோர் சூத்திரத்தில் நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் வரலாறு அந்த அட்டவணையில்தான் படிந்திருக்கிறது. 1971-க்கும் 1995-க்கும் இடைப்பட்ட பழைய பணிக்கு என்ன மதிப்பு என்பதை அது சொல்கிறது. சம்பளம் 2,500 ரூபாய்வரை பெற்றவர்களுக்குப் பதினொரு ஆண்டுவரை 80 ரூபாய், பதினைந்துவரை 95, இருபதுக்குள் 120, அதற்கு மேல் 150. அதிகச் சம்பளக்காரருக்கு முறையே 85, 105, 135, 170. இத்தொகைகள் 58 வயதுக்கு இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதற்கேற்ப ஒரு காரணியால் பெருகும்.

2,500 ரூபாய்ச் சம்பளத்தில் 24 ஆண்டுப் பணிக்குப் புதிய சூத்திரம் தருவது 857 ரூபாய். அதே 24 ஆண்டு, பழைய பணியென்று பெயர் பெற்றதால், 150 ரூபாயில் தொடங்குகிறது. இளையவருக்குக் காரணி ஓரளவு ஈடுசெய்யும். 57 வயதில் இருந்தவருக்கு, அதாவது ஃபேமிலி பென்ஷனுக்கு முதல் நாளிலிருந்து கட்டியவருக்கு, அது மிகக் குறைவாகவே பெருகும். இதை உணர்ந்துதான், 53 வயது கடந்து 24 ஆண்டு முடித்தவருக்கு 500 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று தனியே எழுதினார்கள் போலும். பழைய திட்டத்துக்குக் கட்டப்பட்டது மூன்று பங்கும் சேர்த்து 3.48 விழுக்காடே, அதுவும் முதுமைக்காகக் கட்டப்பட்டதல்ல என்று கணக்காளர் சொல்லலாம். கணக்கு சரி. ஆனால் 1958-இலேயே பரிந்துரைக்கப்பட்டதைச் செய்யாமல் விட்ட காலதாமதத்தின் விலையை, அந்தத் தாமதத்தில் எந்தப் பங்கும் இல்லாத மூத்த தொழிலாளிமீதே இந்த அட்டவணை ஏற்றியது. 1995 திட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் கூறியது சட்டக் கேள்விக்கு விடை. தாமதத்தின் விலையை யார் சுமப்பது என்ற கேள்விக்கு அல்ல.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறைந்தது ஐந்தாண்டு காப்பீட்டில் இருந்து, காப்பீட்டில் இருக்கும்போதே ஓய்வு பெற்றவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. சிகிச்சை தொடரும், இப்பகுதியினருக்கு அது இந்திராநகர் மருத்துவமனை. ஆனால் சம்பள உச்சவரம்பைத் தாண்டியவர் காப்பீட்டை விட்டு வெளியேறிவிடுவார். 2017 முதல் அந்த வரம்பு 21,000 ரூபாய். கடைசி ஆண்டுகளில் சம்பளம் கூடியதாலேயே முதுமை மருத்துவத்தை இழப்பது, 2024-இல் விதியைத் தளர்த்த முடிவெடுக்கும்வரை, இத்திட்டத்தின் பெருங்குறையாக இருந்தது.

ஆக, தொழிலாளியின் ஓய்வூதியத்துக்குத் தொடக்க ஆண்டு எது? 1952 என்று சொன்னால் சேமிப்பை ஓய்வூதியமென்று சொன்னதாகும். 1971 என்றால் விதவைக்குச் சரி. 1995 என்பதே வழக்கமான விடை. ஆனால் அந்த அட்டவணையின்கீழ் வந்தவர்களில் பலருக்கு அது பெயரளவில்தான் பொருந்தும். மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்சம் 2014 செப்டம்பர் 1-இல் வந்ததால் அதையே கொள்ளலாமா என்றும் யோசித்தேன். அதே நாளில் பென்ஷனுக்கான சம்பளக் கணக்கு கடைசி 12 மாதச் சராசரியிலிருந்து 60 மாதச் சராசரிக்கு மாறியது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்த நாளைத் தொடக்கமாகக் கொள்ளத் தயக்கமாக இருக்கிறது. கர்நாடக அரசு 65 வயது கடந்த ஏழைகளுக்குத் தரும் சந்தியா சுரக்ஷா தொகை மாதம் 1,200 ரூபாய். பத்தாண்டுக்கு மேல் பங்கு கட்டிய ஆலைத் தொழிலாளியின் குறைந்தபட்சம் அதைவிட 200 ரூபாய் குறைவாக இருக்கும்வரை, ஆண்டைத் தீர்மானிக்காமல் விடுவதே சரியென்று எனக்குப் படுகிறது.