சொந்த வண்டி: ராயபுரத்திலிருந்து ஒரு வாசிப்பு

சொந்த வண்டி பற்றிய நம் பேச்சு முழுவதும் ஓட்டுகிறவனின் இருக்கையிலிருந்தே நிகழ்கிறது. வேகம், கௌரவம், மாதத் தவணை, ‘லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?’. அந்த லிட்டர் எந்தக் கரையில் இறங்குகிறது, யார் வீட்டுக்குப் பக்கத்தில் காய்ச்சப்படுகிறது என்பது இந்தச் சொல்லாடலுக்கு வெளியே நிற்கிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ள கரையில் நின்று வாசித்தால் கதை வேறு.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது. 1895இல் சென்னையில் மின்சார டிராம் ஓடியது. இரண்டும் காலனிய மூலதனத்தின் வண்டிகள்தாம். அதில் மயக்கம் வேண்டாம். ஆனாலும் கூட்டத்தை மொத்தமாகச் சுமந்த வண்டிகள். நஷ்டத்தில் மூழ்கிய கம்பெனி 1953 ஏப்ரலில் டிராமை நிறுத்தியது.

இதற்குள் 1949இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. பின்னர் லேலண்டுடன் சேர்ந்து லாரி, பஸ் பக்கம் திரும்பி, 1955இல் பெயரும் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலை, புல்லட். ஊரையே ஏற்றிக்கொள்ளும் பஸ்ஸும் ஒற்றை ஆளின் மீசையை முறுக்கிவிடும் மோட்டார் சைக்கிளும் ஒரே கரையின் தொழிலாளர் கைகளில் உருவாயின. இரண்டில் எதை நகரம் தேர்ந்துகொண்டது என்பது ரசனைப் பிரச்சினை அல்ல, அரசியல்.

கணக்கு எளிது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் போகிற பஸ்ஸில் 50 பேர் இருந்தால், ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் என்று எண்ணினால், அந்த ஒரு லிட்டரில் 200 கிலோமீட்டர் பயணம் நடக்கிறது. லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் ஒருவர் மட்டும் போனால் வெறும் 15. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. காரைத் திட்டிவிட்டு நகரவும் முடியாது: இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் குடிப்பது இருசக்கர வண்டிகள். பஸ் வராத தெருவில் பைக் வாங்குகிறவனை எந்த முகத்தோடு குற்றம் சொல்வது? மீன்கூடையைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் பஸ் இருக்கிறவரை காசிமேட்டில் மீன்பாடி வண்டியும் இருக்கும். பழைய பைக் இன்ஜினைக் கட்டிக்கொண்டு, பதிவெண் இல்லாமல், சட்டத்தின் பார்வையில் வண்டியாகவே இல்லாத வண்டி. வாகனப் புள்ளிவிவரம் எதிலும் அது வராது.

1969இல் மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. துறைமுகத்தில் இறங்கும் கச்சா எண்ணெய் வடசென்னைக்கு அடியில் குழாய் வழியாக அங்கே போகிறது. மணலியில் காய்ச்சுவதெல்லாம் பைக்குக்கும் காருக்கும் போவதில்லைதான். லாரி, விமானம், அடுப்பு எல்லாம் உண்டு. ஆனால் தெற்கே அண்ணா சாலையில் எரிவதற்கு முன்பே அந்த எண்ணெய் வடக்கே ஒருமுறை தன் விலையை வாங்கிவிடுகிறது. 2013இல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கரையில் படிந்த எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளத்தோடு, எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய். வலை, படகு, நண்டு எல்லாம் கறுப்பு.

இப்போது மின்சார வண்டி வந்துவிட்டது, புகையே கிடையாது என்கிறார்கள். மின் மோட்டார் பெட்ரோல் இன்ஜினைவிடச் சிக்கனமானது, உண்மை. ஆனால் நிலக்கரி மின்சாரத்தில் ஓடும்வரை புகை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. மாறிய இடம் எது? எண்ணூர் அனல் மின் நிலையம் 2017இல் மூடப்பட்டாலும் வடசென்னை, வல்லூர் நிலையங்கள் இருக்கின்றன; கொசஸ்தலையில் சாம்பல் இருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தின் கரித்தூசு ராயபுரம்வரை வீடுகளில் படிகிறதென்ற வழக்கில், 2011இல் உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வதைத் தடுத்தது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன.