பறிபோன சொத்துகளின் பதிவேடு: 1641 அயர்லாந்துக் கிளர்ச்சியும் புராட்டஸ்டன்ட் குடியேறிகளும்

1641 அக்டோபர் 22ஆம் தேதி மாலை, அயர்லாந்தின் வட மாகாணமான அல்ஸ்டரில் கத்தோலிக்க ஐரிஷ் தலைவர்கள் ஆங்கிலேய நிர்வாகத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். சர் ஃபெலிம் ஓநீல் சார்ல்மான்ட் கோட்டையைத் தந்திரமாகக் கைப்பற்றினார். மறுநாள் டப்ளின் கோட்டையைப் பிடிக்க வேண்டியவர்கள், ஓவன் ஓகானலி என்பவர் முன்கூட்டியே தகவல் கொடுத்ததால் சிக்கிக்கொண்டனர். தலைநகரம் தப்பியது, கிராமப்புறம் தப்பவில்லை. சில மாதங்களில் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்ட் குடியேறிகள் வீடு, நிலம், கால்நடை, தானியம், ரொக்கம் என எல்லாவற்றையும் பறிகொடுத்து, பலர் உடுத்தியிருந்த துணியையும் இழந்து, டப்ளினுக்கும் துறைமுக நகரங்களுக்கும் ஓடிவந்தனர். அவர்கள் இழந்தவை சத்தியப் பிரமாணத்தின் பேரில் எழுதி வைக்கப்பட்டன. சுமார் 8,000 ஆவணங்கள் கொண்ட அந்தத் தொகுப்பு, கிளர்ச்சியின் வரலாற்றுக்கும் குடியேறிகளின் அன்றாட வாழ்க்கைக்கும் முதன்மையான சான்று.

குடியேற்றம் உருவான விதம்

அயர்லாந்தில் நிலத்தைப் பறிமுதல் செய்து இங்கிலாந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அமர்த்தும் முறை 16ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1580களில் தெற்கே மன்ஸ்டரில் டெஸ்மண்ட் பிரபுவின் நிலங்கள் பறிக்கப்பட்டு ஆங்கிலேயருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 1607இல் டைரோன், டிர்கானல் பிரபுக்கள் ஐரோப்பாவுக்குத் தப்பிச் சென்றதும், அல்ஸ்டரில் அர்மா, கேவன், கோல்ரெய்ன், டானகால், ஃபர்மனா, டைரோன் ஆகிய ஆறு கவுண்டிகளின் நிலம் மன்னர் வசமானது. அது 1,000, 1,500, 2,000 ஏக்கர் துண்டுகளாக வழங்கப்பட்டது. நிலம் பெற்ற ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தியரும் தம் நாட்டிலிருந்து குடிகளைக் கொண்டுவர வேண்டும். மதில் சூழ்ந்த வீடு கட்ட வேண்டும். அவர்கள் 1,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் வாரம் கட்டினால் போதும். நிலம் கிடைத்த சில ஐரிஷ்காரர்களுக்கோ அதைப்போல் இரு மடங்கு வாரம் விதிக்கப்பட்டது.

ஐரிஷ் குடிகள் அந்த நிலங்களை விட்டு வெளியேற வேண்டும் என்று ஏட்டில் எழுதியிருந்தது. உழவுக்கும் வாரத்துக்கும் ஆள் தேவைப்பட்டதால் அது முழுமையாக நடக்கவில்லை. பழைய உடைமையாளரின் பிள்ளைகள், தம் முன்னோரின் மண்ணிலேயே குத்தகைதாரராகவும் கூலியாட்களாகவும் வாழ்ந்தனர். நிலம் மிச்சமிருந்த ஐரிஷ் கனவான்களும் புதிய சந்தைப் பொருளாதாரத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கினர். ஃபெலிம் ஓநீலே பெருங்கடனாளி. 1630களில் அரசப் பிரதிநிதியாக இருந்த தாமஸ் வென்ட்வொர்த், மேற்கே கானக்ட்டிலும் நிலப் பறிமுதலுக்குத் திட்டமிட்டார். இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் கத்தோலிக்க எதிர்ப்பும் கடுமையானது. மோசமான விளைச்சலும் சேர்ந்துகொண்டது. நிலமும் சமயமும் கடனும் ஒன்றுசேர்ந்த கோபம்தான் 1641இல் வெடித்தது.

கொள்ளையின் போக்கு

முதல் நாட்களில் கிளர்ச்சித் தலைவர்கள், மன்னருக்கு எதிராகத் தாங்கள் எழவில்லை என்றும் ஸ்காட்லாந்தியருக்குத் தீங்கு செய்யப்போவதில்லை என்றும் அறிவித்தனர். மன்னர் முதலாம் சார்லஸ் கொடுத்ததாகப் போலியான ஓர் ஆணையையும் காட்டினர். ஆனால் ஊர்ப்புறத்தில் நடந்தது அவர்கள் கைக்குள் அடங்கவில்லை. முதலில் கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. அடுத்துக் களஞ்சியமும் வீட்டுச் சாமான்களும் போயின. கடைசியில் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. துணிக்குள் காசு தைத்து வைத்திருப்பார்கள் என்ற சந்தேகத்தாலும், துணியே விலையுள்ள பொருள் என்பதாலும் பலருடைய உடைகள் உருவப்பட்டன. குளிர்காலத்தில் அப்படி விரட்டப்பட்டவர்களில் பலர் வழியிலேயே இறந்தனர். அடைக்கலம் தேடி டப்ளினை அடைந்தவர்களையும் நோய் வாரிக்கொண்டது. நவம்பரில் போர்ட்டடவுன் பாலத்திலிருந்து சுமார் 100 பேர் பான் ஆற்றில் தள்ளப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

கொள்ளையடித்தவர்களைப் பாதிக்கப்பட்டவர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடிந்தது. பக்கத்து நிலத்துக்காரர், தம் குத்தகைதாரர், வீட்டு வேலைக்காரர் என்று அறிமுகமானவர்களே பெரும்பாலும் அந்தப் பெயர்ப்பட்டியலில் வருகின்றனர். ஆபத்து தெரிந்ததும் நம்பிக்கையான ஐரிஷ் நண்பரிடம் பொருளை ஒப்படைத்தவர்களும் உண்டு. சிலருக்கு அந்த நம்பிக்கை வீணானது. வேறு சிலரை அதே ஐரிஷ் அண்டை வீட்டார் ஒளித்து வைத்துக் காப்பாற்றினர்.

விசாரணைக் குழு

டப்ளினில் அகதிகள் குவிந்த நிலையில், 1641 டிசம்பர் 23ஆம் தேதி அரசு எட்டு புராட்டஸ்டன்ட் குருமார் அடங்கிய விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் தலைவர் கில்மோர் மறைமாவட்டத்தின் டீன் ஹென்றி ஜோன்ஸ். இவரே கேவன் கிளர்ச்சியாளரிடம் சிக்கி, அவர்களுடைய கோரிக்கை மனுவை டப்ளினுக்கு எடுத்துவர வைக்கப்பட்டவர். கொள்ளையால் யார் எவ்வளவு இழந்தார், கொள்ளையடித்தவர் யார் என்று கேட்டுப் பதிவதே குழுவுக்கு முதலில் இடப்பட்ட பணி. கொலைகளைப் பற்றியும் விசாரிக்கும் அதிகாரம் 1642 ஜனவரியில்தான் சேர்க்கப்பட்டது. மன்ஸ்டரில் இதே பணியை பிலிப் பிஸ் தலைமையில் தனிக்குழு செய்தது.

ஒவ்வொரு வாக்குமூலத்துக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்பு இருந்தது. முதலில் பெயர், தொழில், ஊர், கவுண்டி. அடுத்துக் கொள்ளை நடந்த நாள். பிறகு இழந்த பொருள்களும் அவற்றின் மதிப்பும். கடைசியில் கொள்ளையர் பெயர்களும் அவர்கள் பேசியதாகச் சொல்லப்பட்ட சொற்களும். எழுதத் தெரியாதவர்கள் கைக்கீறல் இட்டனர். கனவான்கள், குருமார், உழவர்கள், தோல் பதனிடுவோர், வணிகர்கள், விடுதி நடத்துவோர் எனச் சமூகத்தின் பல படிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். கணவனை இழந்த பெண்களும், கணவன் படையில் இருந்ததால் அவன் சார்பில் வந்த பெண்களும் பலர். இந்தப் பதிவு நிவாரணம் கேட்கவும், பின்னாளில் இழப்பீடு கோரவும் அத்தாட்சியாக உதவும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அகதிகளுக்காக இங்கிலாந்தின் ஊர்களில் நன்கொடையும் திரட்டப்பட்டது.

பட்டியலில் இருந்தவை

பெரும்பாலான பட்டியல்களில் முதலிடம் கால்நடைக்கு. பசு, காளை, குதிரை, ஆடு, பன்றி ஆகியவை தனித்தனியே எண்ணி மதிப்பிடப்பட்டன. இங்கிலாந்திலிருந்து உயர்ந்த இன மாடுகளைக் கொண்டுவந்து பெருக்குவது குடியேறிகளின் பெருமிதம். அந்த மாடுகளைக் கிளர்ச்சியாளர் பழிதீர்ப்பதுபோல் கொன்றதாகச் சில வாக்குமூலங்கள் கூறுகின்றன. கிளர்ச்சி அறுவடை முடிந்த பருவத்தில் எழுந்ததால், போரடிக்காத தானியப் போர்களும் வைக்கோலும் அப்படியே எதிரி கையில் சிக்கின. நிலத்தில் விதைத்திருந்த குளிர்காலப் பயிரும் கணக்கில் சேர்ந்தது.

அடுத்தது வீடு. கட்டில், மெத்தை, படுக்கை விரிப்பு, பித்தளை மற்றும் ஈயப் பாத்திரங்கள், வெள்ளிச் சாமான் ஆகியவை வருகின்றன. தோல் பதனிடுவோர் தொட்டியில் ஊறிய தோல்களையும், வணிகர்கள் கடைச்சரக்கையும், குருமார் நூல்களையும் தசமபாக வருவாயையும் எழுதினர். கில்மோர் ஆயர் வில்லியம் பெடல் பைபிளின் பழைய ஏற்பாட்டை ஐரிஷ் மொழியில் பெயர்க்கச் செய்தவர். அவர் ஆகட்டர் ஏரிக் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1642 பிப்ரவரியில் இறந்தார். அவருடைய நூலகம் சிதறியது. மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படி மட்டும் தப்பி 1685இல் அச்சேறியது.

நிலம் சார்ந்த இழப்பு வேறு முறையில் கணக்கிடப்பட்டது. குடியேறிகளில் பலர் நீண்டகாலக் குத்தகைதாரர்கள். குத்தகையில் இன்னும் எத்தனை ஆண்டு மீதியிருக்கிறது, கட்டும் வாரம் போக ஆண்டுக்கு எவ்வளவு லாபம் வரும் என்று பார்த்து இழப்பை மதிப்பிட்டனர். எழுப்பிய கட்டடம், வைத்த பழத்தோட்டம், அடைத்த வேலி ஆகியவற்றின் செலவும் சேர்ந்தது. அமைதி திரும்பும்வரை ஆண்டுதோறும் இவ்வளவு வருமானம் போகும் என்று வருங்கால நட்டத்தையும் பலர் குறிப்பிட்டனர்.

வராக்கடன் இந்தப் பதிவுகளின் மிக முக்கியமான பகுதி. நாணயம் அரிதாக இருந்த நாட்டில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கடன் பத்திரத்தின் பேரில் நடந்தது. குடியேறிகள் தமக்குள்ளும் கடன் கொடுத்தனர்; ஐரிஷ் கனவான்களுக்கும் கொடுத்தனர். கிளர்ச்சி இந்த வலையை மூன்று இடங்களில் அறுத்தது. கடன் வாங்கியவர் கிளர்ச்சியாளராக மாறினார். அல்லது அவரும் கொள்ளைக்குள்ளாகித் திருப்பிக் கொடுக்க வழியற்றவரானார். அல்லது பத்திரமே தீக்கிரையானது. பத்திரங்களையும் குத்தகை ஆவணங்களையும் கிளர்ச்சியாளர் தேடி அழித்ததற்குக் காரணம் உண்டு: அவற்றை அழித்தால் கடனும் குத்தகையும் சட்டப்படி நிற்காது என்பது அவர்கள் கணிப்பு. இரு சமூகத்தாரும் 30 ஆண்டுகளாகக் கடனாலும் குத்தகையாலும் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருந்தனர் என்பதும், அந்தப் பிணைப்பில் எவ்வளவு கசப்பு இருந்தது என்பதும் இந்தக் கணக்குகளில்தான் தெளிவாகத் தெரிகின்றன.

கணக்குகளின் எல்லை

இந்த மதிப்புகளை அப்படியே ஏற்க முடியாது. இழப்பீட்டை எதிர்பார்த்தவர் கூட்டிச் சொல்லியிருக்கலாம். ஆவணம் எரிந்த நிலையில் நினைவிலிருந்து சொன்னவர் தவறியிருக்கலாம். கொலைச் செய்திகளில் பல கேள்விப்பட்டவை. தம் சொந்தப் பொருளைப் பற்றிய பகுதி நேரடி அறிவிலிருந்து வந்தது. ஆகவே விலையில் மிகை இருந்தாலும், என்னென்ன பொருள்கள், யாரிடம், எந்த ஊரில் இருந்தன என்பதற்கு இவை உறுதியான சான்று.

இவை ஒரு தரப்பின் குரல் என்பதும் மறக்கக்கூடாதது. அரசுப் படைகளும், 1642 ஏப்ரலில் ராபர்ட் மன்ரோ தலைமையில் வந்திறங்கிய ஸ்காட்லாந்துப் படையும் கத்தோலிக்க ஊர்களை எரித்துக் கால்நடைகளைக் கவர்ந்தன; பொதுமக்களைக் கொன்றன. அந்தக் கத்தோலிக்கர்களுடைய இழப்பைக் கேட்டெழுத இத்தகைய குழு எதுவும் அமர்த்தப்படவில்லை.

அரசியல் பயன்

ஜோன்ஸ் தாம் திரட்டியவற்றிலிருந்து கொடூரமான பகுதிகளைத் தேர்ந்தெடுத்து 1642இல் லண்டனில் வெளியிட்டார். 1646இல் ஜான் டெம்பிளின் வரலாற்று நூல் அதே சான்றுகளைக் கொண்டு லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டதாகக் கூறியது. அல்ஸ்டரில் நேரடியாகக் கொல்லப்பட்டோர் சுமார் 4,000 பேர் என்பதும், குளிரிலும் நோயிலும் பட்டினியிலும் இறந்தவர்களையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை பன்மடங்கு கூடும் என்பதும் இன்றைய ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

1642 மார்ச்சில் இங்கிலாந்து நாடாளுமன்றம், கிளர்ச்சியை அடக்கப் பணம் போடுவோருக்கு 25 லட்சம் ஏக்கர் ஐரிஷ் நிலத்தை ஈடாக அளிக்கச் சட்டம் இயற்றியது. அல்ஸ்டரில் 1,000 ஏக்கருக்கு 200 பவுண்டு, லெயின்ஸ்டரில் 600 பவுண்டு என்று விலையும் குறித்தது. இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் படைத்தலைவர் குரோம்வெல்லின் படையெடுப்புக்குப் பின் 1652இல் வந்த சட்டம் நிலப் பறிமுதலை நாடளாவியதாக்கியது. அதே காலத்தில் அமைந்த சிறப்பு நீதிமன்றத்தில் பழைய வாக்குமூலங்கள் சாட்சியமாயின. ஃபெலிம் ஓநீல் 1653இல் தூக்கிலிடப்பட்டார். பறிக்கப்பட்ட நிலம் முதலீட்டாளருக்கும் படைவீரருக்கும் பங்கிடப்பட்டது. 1641இல் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 59 விழுக்காடு கத்தோலிக்கரிடம் இருந்தது. 1688இல் அது 22 விழுக்காடாகச் சுருங்கியது. குடியேறிகளின் இழப்புப் பட்டியல், அதைவிடப் பெரிய ஓர் இழப்புக்கு நியாயம் கற்பிக்கும் கருவியானது.

ஆவணங்களின் பிற்கால வரலாறு

1640களின் பிற்பகுதியில் எழுத்தர் தாமஸ் வேரிங், வாக்குமூலங்களை அச்சுக்காகச் சுருக்கிப் படியெடுக்க முனைந்தார். அதற்காக மூலப் பிரதிகளில் சொத்து விவரங்கள் கோடிட்டு அடிக்கப்பட்டன. கொலை, கொடுமை பற்றிய பகுதிகள் விடப்பட்டன. அடித்தல்களைப் பிற்காலத்தில் கண்டவர்கள், அந்த வரிகளைச் சொன்னவர்களே மறுத்துவிட்டதாகத் தவறாக முடிவு கட்டினர். அடித்தலின் உண்மையான காரணத்தை 20ஆம் நூற்றாண்டு ஆய்வே விளக்கியது.

1741இல் ஆயர் ஜான் ஸ்டெர்ன் இத்தொகுப்பை டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்கு வழங்கினார். 31 தொகுதிகளாக அது அங்கே இருக்கிறது. 2007 முதல் 2010 வரை நடந்த திட்டத்தில் முழுவதும் எழுத்துப்பெயர்த்து மின்வடிவாக்கப்பட்டது. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்ற வாதத்துக்கே பயன்பட்ட இந்த ஏடுகளிலிருந்து, குடியேறிகள் எப்படி உழுதனர், யாருக்குக் கடன் கொடுத்தனர், வீட்டில் என்ன வைத்திருந்தனர் என்பதை ஆய்வாளர் இப்போது ஊர்வாரியாக அறிகின்றனர். அடிக்கப்பட்ட வரிகள் அந்த ஆய்வுக்கு முதன்மையான ஆதாரமாகியிருக்கின்றன.