நீர்த்தேக்கத்துக்கு ஒரு போன் கால்

ராத்திரி பதினொரு மணி. ஊருக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கம். தண்ணி மட்டம் எவ்வளவுன்னு உடனே தெரியணும். அங்கே ஆள் கிடையாது, ஒரு போன் லைன் மட்டும் இருக்கு. நாமன்னா ஆப்பைத் திறந்து பார்ப்போம். 1927-ல?

போன் பண்ணினாங்க. எடுத்தது ஒரு மெஷின்.

பேரு டெலிவாக்ஸ். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியில் ராய் வென்ஸ்லி என்ற இன்ஜினியர் உருவாக்கியது. வாஷிங்டனில் போர்த்துறையின் பொறுப்பில் இருந்த நீர்த்தேக்கங்களில் இதைப் பொருத்தினார்கள். மணி அடித்ததும் ரிசீவரைத் தூக்கும். நீங்கள் குறிப்பிட்ட சுருதியில் ஊதினால் அது என்ன கேள்வி என்று புரிந்துகொள்ளும். பதிலாக பஸ்ஸர் அடிக்கும். எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணினால் தண்ணி மட்டம் தெரிந்துவிடும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. டெலிவாக்ஸுக்கும் போன் லைனுக்கும் நடுவில் ஒயரே கிடையாது! தன் லைனில் வேறு யாருடைய கருவியையும் இணைக்கப் போன் கம்பெனி விடாது. அதனால் இது மனுஷன் மாதிரியே காதால் கேட்டு, ‘வாயால்’ பஸ்ஸர் அடித்தது. பத்திரிகைகள் ‘இயந்திர மனிதன்’ என்று கொண்டாட, கம்பெனியும் அட்டையில் ஓர் ஆளை வெட்டி, ஹெர்பர்ட் என்று பெயர் வைத்துக் காட்சிக்கு நிறுத்தியது. எனக்கென்னவோ ஹெர்பர்ட் மேல பெரிய ஈர்ப்பு இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பஸ்ஸரை எண்ணின மனுஷனைத்தான் நினைச்சுக்கறேன். ஒண்ணு விட்டுப்போனா தண்ணி மட்டமே தப்பு.

போன் கம்பெனியின் பிடி தளர நாற்பது வருஷம் ஆச்சு. டெக்சாஸ்காரர் டாம் கார்ட்டர், வாக்கி டாக்கியைப் போனோடு பேச வைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியை விற்றார். அதிலும் இதே தந்திரம்தான், ஒயர் இல்லை. ஆனாலும் போன் கம்பெனி எதிர்த்தது. அவர் வழக்குப் போட்டார். 1968-ல் தகவல்தொடர்பு ஆணையம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிறகு 1978-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் குழந்தைகளுக்கு ஸ்பெல்லிங் சொல்லித்தர ஒரு பொம்மை கொண்டுவந்தது. அதற்குள்ளே ஒரு சிப், அது பேசியது.

இந்த ரெண்டு கதையும் 1980-களில் சென்சாஃபோன் மாதிரியான பெட்டிகளில் சேர்ந்தன. பசுமைக்குடில், கழிவுநீர் பம்ப், பனிக்காலத்தில் பூட்டிக் கிடக்கும் வீடு என்று எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். கரன்ட் போனால் அதுவே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லும். பெரிய விஷயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க: அது கூப்பிடலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா, இல்ல லைனே செத்துப்போச்சா? அந்தச் சந்தேகம் தீர நீங்களே போன் பண்ணலாம். எண்ண வேண்டியதில்லை, ஊத வேண்டியதில்லை. தன் நம்பரைச் சொல்லும். மணி என்ன, வெப்பநிலை எத்தனை டிகிரி, கரன்ட் இருக்கா, பேட்டரி சரியா இருக்கா என்று இயந்திரக் குரலில் ஒவ்வொன்றாக ஒப்பிக்கும்.

எல்லாம் சொல்லி முடித்ததும் பேச்சை நிறுத்திவிட்டு மைக்கைத் திறந்துவிடும். சில விநாடிகள், அந்த அறையின் சத்தத்தை உங்கள் காதாலேயே கேட்டுக்கொள்ளலாம்.