தானே புயலும் ஆயில் இன்ஜினும்

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாய்ஞ்சது, கரண்ட் கம்பமும் கூடவே விழுந்தது. மோட்டார் ஓடாத அந்த நாள்ல எங்க பக்கம் கொட்டகையில தூசி படிஞ்சு கெடந்த ஆயில் இன்ஜின் எல்லாம் வெளிய வந்தது.

இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், நிமிஷத்துக்கு 600 சுத்துதான். அதே சாயல்ல பிறகு ராஜ்கோட்ல செஞ்சாங்க. புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ் 1946-ல் தொடங்கினது. காருக்கு மேபாக் தேன்கூடு ரேடியேட்டர் செஞ்சு பல வருஷம் ஆகியும் வயல் இன்ஜினுக்கு அது தேவைப்படல. கெணறு இருக்கே!

பம்பு தள்ளுற தண்ணியில கொஞ்சத்தை ஒரு சின்ன குழாய் பிரிச்சு, சிலிண்டரைச் சுத்தியிருக்கற ஜாக்கெட்டுக்குள்ள கீழேருந்து விடும். அது சூட்டை வாங்கிக்கிட்டு மேல வழியா வாய்க்கால்ல விழும். பெரியவங்க அந்தத் தண்ணியில கையை வைப்பாங்க. கை தாங்கலைன்னா வால்வைத் திறக்கணும். சில்லுன்னு வந்தா கொஞ்சம் மூடணும். ரொம்ப குளிர்ந்தாலும் சிலிண்டர் தேயும்.

சிக்கல் உப்புத் தண்ணியில. சூடேறினா சுண்ணாம்பு ஜாக்கெட்டுல ஏடு ஏடா படியும், இரும்புக்கும் தண்ணிக்கும் நடுவுல போர்வை மாதிரி. புயலுக்கப்புறம் எடுத்த இன்ஜின்ல தண்ணியை வடிக்காம வச்சதெல்லாம் துருவும் சேர்ந்து அடைச்சுக் கெடந்தது. அவசரத்துல ஓட்டி, கொதிச்சதும் பச்சைத் தண்ணியை ஊத்தினவங்களுக்கு ஹெட்டே வெடிச்சது. டிராக்டர் ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தறவங்களுக்கும் இதே கதைதாங்க.