முதல் ரேங்க்கும் மரக்கரண்டியும்

கால்குலஸ் எனப்படும் நுண்கணிதம் படிக்கும் கல்லூரி மாணவனிடம் எது பெரிய கவலை என்று கேட்டால் வகையீடு, தொகையீடு என்று சொல்ல மாட்டான். "இன்டர்னல் மார்க் எவ்வளவு, அட்டென்டன்ஸ் எவ்வளவு" என்றுதான் சொல்வான். இந்தக் கவலைக்கு வயது அதிகம். நியூட்டன் படித்து, பேராசிரியராகவும் இருந்த இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே இதற்கு நல்ல உதாரணம்.

கேம்பிரிட்ஜின் கணிதத் தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். ஆரம்பத்தில் அது லத்தீன் மொழியில் நடந்த வாய்மொழி விவாதம். 18ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல எழுத்துத் தேர்வாக மாறியது. அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்தே தேறியவர்கள் பெயரை மதிப்பெண் வரிசைப்படி வெளியிடும் வழக்கம் வந்துவிட்டது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு 'ராங்லர்' என்று பட்டம். அதாவது வாதாடுபவர். வாய்மொழி விவாதக் காலத்தின் மிச்சம் அது. அவர்களில் முதலாமவர் 'சீனியர் ராங்லர்'. அவர் பெயர் நாளிதழ்களில் வரும், ஊரே கொண்டாடும்!

வரிசையின் கடைசிப் பெயருக்கும் ஒரு பரிசு உண்டு. அது மரக்கரண்டி. பட்டமளிப்பு விழாவில் அவர் பட்டம் வாங்கும்போது, மாடத்திலிருந்து சக மாணவர்கள் ஒரு பெரிய மரக்கரண்டியைக் கயிற்றில் கட்டித் தொங்க விடுவார்கள். முதலிடம் எவ்வளவு பகிரங்கமோ, கடைசி இடமும் அவ்வளவு பகிரங்கம்.

தேர்வு எப்படி இருந்தது? 1854இல் எட்டு நாட்களில் 16 வினாத்தாள்கள், மொத்தம் 44½ மணி நேரம், 211 கேள்விகள். பிரான்சிஸ் கால்டன் 1869இல் எழுதிய புத்தகத்தில் ஓர் ஆண்டின் மதிப்பெண்களைத் தருகிறார். மொத்தம் 17,000. முதலிடம் பெற்றவர் 7,634. இரண்டாமவர் 4,123. பட்டியலின் கடைசி ஆள் 237. முதல் ரேங்க் வாங்கியவரே பாதி மதிப்பெண்ணைத் தொடவில்லை! ஆழமாக யோசிப்பவனை விட வேகமாக எழுதுபவனுக்கே இந்தத் தேர்வு சாதகம்.

சரி, அட்டென்டன்ஸ்? இங்கேதான் வேடிக்கை. பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் வகுப்புக்குப் போனால் ரேங்க் கிடைக்காது என்று மாணவர்களுக்குத் தெரியும். அதனால் பணம் கட்டித் தனிப் பயிற்சியாளர்களிடம் போனார்கள். நம்ம ஊர் ட்யூஷன் சென்டர் மாதிரிதான். வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவருக்கு 'சீனியர் ராங்லர் தயாரிப்பவர்' என்றே பெயர். அவருக்குப் பின் வந்த எட்வர்ட் ரூத் இருபதுக்கும் மேற்பட்ட சீனியர் ராங்லர்களை உருவாக்கினார். இந்த ரூத் 1854இல் முதலிடம் பிடித்தவர். அந்த ஆண்டு அவருக்கு அடுத்து இரண்டாம் இடத்தில் வந்தவர் பெயர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தவியல் சமன்பாடுகளைத் தந்த அதே மேக்ஸ்வெல்தான். லார்ட் கெல்வினும் 1845இல் இரண்டாம் இடமே.

வகுப்பில் காட்டாத கண்டிப்பைக் கல்லூரிகள் தேவாலயத்தில் காட்டின. வழிபாட்டுக்கு இத்தனை முறை வந்தாக வேண்டும் என்று வருகைக் கணக்கு எடுத்தார்கள். 1838இல் டிரினிட்டி கல்லூரி இந்த விதியை இறுக்கியதும் மாணவர்கள் ஒரு ரகசியச் சங்கம் ஆரம்பித்தார்கள். மாணவர் வதைத் தடுப்புச் சங்கம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். விதி போட்ட ஆசிரியர்கள் எத்தனை நாள் தேவாலயத்துக்கு வந்தார்கள் என்று வாராவாரம் பட்டியல் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதிக நாள் வந்த ஆசிரியருக்குப் பரிசு வேறு அறிவித்தார்கள்!

இதெல்லாம் சிரிப்பாக இருந்தாலும், தேர்வு முறை கணிதத்தையே பாதித்தது என்பதுதான் முக்கியம். நியூட்டன் நுண்கணிதத்தை எழுதியது எழுத்தின் தலையில் புள்ளி வைக்கும் குறியீட்டில். ஐரோப்பா லைப்னிட்ஸின் 'டி' குறியீட்டைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டது. கேம்பிரிட்ஜ் மட்டும் நியூட்டன் மீதான விசுவாசத்தில் புள்ளியை விடவில்லை. 1812இல் சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய மாணவர்கள் சேர்ந்து 'அனலிட்டிகல் சொசைட்டி' ஆரம்பித்தார்கள். 1816இல் லாக்ருவா எழுதிய பிரெஞ்சு நுண்கணித நூலை மொழிபெயர்த்தார்கள். பெரிதாக எதுவும் அசையவில்லை. 1817இல் பீகாக் தேர்வாளராக வந்தார். வினாத்தாளில் 'டி' குறியீட்டைப் போட்டுவிட்டார். எதிர்ப்பு வந்தது, ஆனால் 1819இல் மறுபடியும் அதையே செய்தார். கேள்வி மாறினால் படிப்பும் மாறித்தானே ஆக வேண்டும்? சில ஆண்டுகளில் புள்ளிக் குறியீடு பின்வாங்கிவிட்டது. புத்தகம் செய்ய முடியாததை வினாத்தாள் செய்தது.

அதே வினாத்தாள் இன்னொரு உண்மையையும் போட்டு உடைத்தது. பெண்கள் டிரைபாஸ் எழுத 1881இல் முறையான அனுமதி கிடைத்தது. ஆனால் பட்டம் கிடையாது, அவர்கள் பெயர் தனிப் பட்டியலில்தான் வரும். 1890இல் நியூனம் கல்லூரியின் ஃபிலிப்பா ஃபாசெட்டின் இடம் வாசிக்கப்பட்டது: 'சீனியர் ராங்லருக்கு மேல்'. ஆண்களில் முதல்வரை விட அவர் சுமார் 13 சதவீதம் அதிகம் வாங்கியிருந்தார். கணக்கு பெண்களுக்கு வராது என்றவர்களுக்கு இதை விடப் பெரிய பதில் தேவையில்லை. ஆனாலும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தந்தது 1948இல்தான். ஃபாசெட் இறந்ததும் அதே ஆண்டில்.

இந்த ரேங்க் பந்தயத்தைக் கடுமையாக எதிர்த்தவர் ஜி. எச். ஹார்டி. 1898இல் நான்காவது ராங்லர். தோற்றவரின் புலம்பல் என்று இதைத் தள்ள முடியாது. தேர்வுக்காகத் தந்திரக் கணக்குகளைப் போட்டுப் பழகியவர்களுக்கு, எல்லை, தொடர்ச்சி போன்ற அடிப்படைகளை ஐரோப்பா எவ்வளவு கறாராக வளர்த்திருக்கிறது என்பதே தெரியவில்லை என்பது அவர் வாதம். அந்தக் குறையைப் போக்க 1908இல் 'எ கோர்ஸ் ஆஃப் ப்யூர் மேதமேட்டிக்ஸ்' என்ற பாடநூலை எழுதினார்.

ரேங்க் வரிசை கடைசியாக வெளியானது 1909இல். அதன்பின் ஒவ்வொரு வகுப்பிலும் பெயர்கள் அகர வரிசையில் வந்தன. கடைசி மரக்கரண்டி ஒரு மீட்டருக்கும் நீளமான படகுத் துடுப்பு! கடைசி சீனியர் ராங்லர் பி. ஜே. டேனியல். தொகையீட்டுக்கு அவர் தந்த புதிய வரையறை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆக, ரேங்க் வாங்கியவர்கள் எல்லாம் வெறும் மனப்பாட மன்னர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது.

ஆனால் தேர்வின் வலைக்குள் சிக்காத திறமையும் உண்டு. ரேங்க் ஒழிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1913இல், சென்னையிலிருந்து ஹார்டிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தேறாத ராமானுஜன். கணக்கில் அல்ல, மற்ற பாடங்களில் கோட்டை விட்டவர். 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்தது ஆராய்ச்சிக்காக. டிரைபாஸ் எழுதச் சொல்லவில்லை.

மதிப்பெண் வேண்டாம் என்பதல்ல இந்தக் கதையின் பாடம். பீகாக்கின் வினாத்தாள் ஒரு நாட்டின் கணிதத்தை மாற்றியது, ஃபாசெட்டின் மதிப்பெண் ஒரு பொய்யை உடைத்தது. எதை அளக்கிறோமோ அதைத்தான் மாணவர்கள் படிப்பார்கள். அதனால் எதை அளப்பது என்று முடிவு செய்பவர்தான் உண்மையில் பாடம் நடத்துகிறார்.