வீடும் முதுமரமும்

புதிய வீடொன்று எழவிருக்கும் வளவில் முதலிற் கேட்பது பெரும்பாலும் கோடரியின் ஓசையே. மரத்தை நட்டவர் பாட்டனாராக இருப்பார். தறிக்க முடிவு செய்பவர் பேரனாக இருப்பார். தறிப்பதற்கு ஒரு முற்பகல் போதும். ஐம்பது ஆண்டு வெயிலையும் மழையையும் உண்டு வளர்ந்த ஒன்றைத் திரும்பப் பெறுவதற்கோ இன்னும் ஐம்பது ஆண்டு வேண்டும். இவ்வெளிய கணக்கை மனிதர் நெடுங்காலமாக அறிந்தே இருந்தனர். ஆதலால், மரத்தை வீழ்த்தாது கட்டடம் எழுப்பும் முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படும். மரத்தின் அடியையும் கிளையையும் காக்க மனிதர் விரைவிற் கற்றுக்கொண்டனர். கண்ணுக்குத் தெரியாத வேரைக் காக்கக் கற்றுக்கொண்டது மிக அண்மைக் காலத்திலேயே.

ஈழநாட்டிலேயே இவ்வரலாற்றின் பழைய ஏடுகள் சில உள. அநுராதபுரத்து வெள்ளரசு, கி.மு. 3ஆம் நூற்றாண்டிற் சங்கமித்தை கொண்டுவந்த கிளையிலிருந்து வளர்ந்ததென மகாவம்சம் கூறும். கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவுக்கு வந்து ஈராண்டு தங்கிய சீன யாத்திரிகர் பாகியன், அம்மரத்தைப் பற்றிச் சுவையான குறிப்பொன்றை விட்டுச் சென்றிருக்கிறார். மரம் தென்கிழக்குப் பக்கமாகச் சாய்ந்தது. அது விழுந்துவிடுமென அஞ்சிய மன்னன் பருத்த தூணொன்றை நாட்டி முட்டுக் கொடுத்தான். மரமும் தூணும் கூடிய இடத்தில் முளையொன்று தோன்றித் தூணை ஊடுருவிக் கீழிறங்கி நிலத்தில் வேரூன்றியது. தூண் நடுவே பிளந்தது. ஆயினும் மக்கள் அதனை அகற்றவில்லை. முட்டுக் கொடுக்க வந்த தூணே மரத்துக்கு வழிவிட்ட கதை இது.

வெள்ளரசு மரத்தைச் சூழ எழுப்பப்பட்ட மனைகளைப் போதிகரம் என்பர். குருநாகல் மாவட்டத்து நில்லக்கமவில் 8ஆம் அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த போதிகரம் ஒன்று நல்ல நிலையில் எஞ்சி நிற்கின்றது. சதுரமான கல்மேடை, அதனைச் சூழ வழிபடுவோர் வலம்வரும் வழி, மரம் நின்ற நடுவிடமோ மேலே வானுக்குத் திறந்தது, கீழே மண்ணுக்குத் திறந்தது. மரத்துக்கு இரு பக்கமும் வழி வேண்டும் என்பதை அக்காலத்துச் சிற்பிகள் ஏட்டிற் படித்திலர். பத்தியே அதனை அவர்களுக்கு உணர்த்தியது. சைவாலயங்களின் தலவிருட்சங்களும் இவ்வாறே மதிலுக்கும் மண்டபத்துக்கும் இடையில் இடம் பெற்று வாழ்ந்துள்ளன.

தெய்வத்தோடு சேர்ந்த மரத்துக்கு இப்பேறு கிடைத்தது. தெய்வத்தோடு சேராத சாதாரண மரங்களுக்காக ஒரு பெருநகரமே வாதிட்ட நிகழ்ச்சி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலண்டனில் நடந்தது. 1851ஆம் ஆண்டின் உலகப் பொருட்காட்சிக்கு ஹைட் பூங்காவில் மாளிகையொன்று கட்டத் திட்டமிடப்பட்டது. கட்டடக் குழுவினர் முதலில் வரைந்த திட்டம் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி செங்கற்களையும் பெருங் குவிமாடம் ஒன்றையும் வேண்டியது. பொதுமக்கள் உலாவும் பூங்காவில் இத்தகைய செங்கல் மலையா என்று பலர் சினந்தனர். பாராளுமன்ற உறுப்பினரான கேணல் சிப்தோர்ப், பூங்காவின் எல்ம் மரங்கள் தறிக்கப்படுவதைக் கடுமையாகக் கண்டித்தார். பொருட்காட்சியையே அவர் வெறுத்தவர். எனினும் அவர் கிளப்பிய மரப் பிரச்சினை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது.

அவ்வேளையில் முன்வந்தவர் யோசப் பாக்ஸ்ரன். அவர் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞரல்லர்; டெவன்ஷயர் கோமகனின் சற்ஸ்வேர்த் மாளிகையிலே தலைமைத் தோட்டக்காரராக இருந்தவர்; செடிகளுக்குக் கண்ணாடி மனைகள் அமைத்துப் பழகியவர். 1850ஆம் ஆண்டு யூன் மாதத்தில் புகையிரதக் கம்பனிக் கூட்டமொன்றில் அமர்ந்திருந்தபோது ஒற்றுத்தாள் ஒன்றில் அவர் கீறிய படமே பின்னர் பளிங்கு மாளிகையாயிற்று. முதலில் அவர் எண்ணிய கூரை தட்டையானது. நெடிய எல்ம் மரங்களை உள்ளே வாழவைக்கும் பொருட்டு நடுவே 108 அடி உயரமான வளைகூரையுடைய குறுக்கு மண்டபம் சேர்க்கப்பட்டது. பிற்காலத்தார் அம்மாளிகையின் தனியழகென்று போற்றிய பகுதி, மரங்களின் பொருட்டு எழுந்த பகுதியே. 1851ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி விழா திறந்தபோது எல்ம் மரங்கள் மண்டபத்தினுள் தளிர்த்து நின்றன. 60 இலட்சம் வருகைகள் பதிவாகிய அக்காட்சியில் அவையும் ஒரு காட்சியாயின.

இதிற் கவனிக்கத் தக்க வேறொன்றும் உண்டு. செங்கல் மாளிகை எழுந்திருப்பின் அதன் சுவர் நெடுக அத்திவாரம் தோண்டவேண்டி நேர்ந்திருக்கும். பளிங்கு மாளிகையோ தனித்தனி இருப்புத் தூண்களின்மேல் நின்றது. அதன் தளம் இடைவெளி விட்டுப் பரப்பிய பலகைகளால் ஆனது. குப்பை கூட்டித் தள்ளுவதற்காக விடப்பட்ட இடைவெளி அது. ஆயினும், தூண்களுக்கிடையில் நிலம் வெட்டப்படாமலும் முற்றாக மூடப்படாமலும் இருந்தது என்பது மரங்களுக்கு வாய்த்த பெரும்பேறு.

அதன்பின் கட்டடக் கலைஞர் பலர் மரத்தை வீட்டோடு இணைத்துக் கட்டும் முயற்சியில் ஈடுபட்டனர். அமெரிக்காவிலே, சிக்காகோவை அடுத்த ஓக் பார்க்கில், பிராங் லொயிட் றைற் 1889இல் தமக்கு வீடு கட்டினார். 1898இல் அதனோடு தொழிற்கூடம் ஒன்றைச் சேர்த்தபோது, இரண்டையும் இணைக்கும் நடைபாதைக்கு நடுவே வில்லோ மரம் ஒன்று நின்றது. அவர் மரத்தை விட்டுவைத்தார். அது கூரையை ஊடுருவி மேலே சென்றது. 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைப் பொருட்காட்சியிலே, லெ கோர்பூசியே மாதிரி வீடொன்றை அமைத்தார். காட்சி நிலத்தின் மரங்களைத் தறிக்க அனுமதியில்லை. ஆகவே அவர் மாடித் தோட்டத்தின் கூரையில் வட்டமான துளை விட்டு மரத்தை அதனூடே நிமிர விட்டார்.

இவை கண்ணுக்கு விருந்தானவை. சஞ்சிகைகளிற் படமாக வந்தவை. எனினும் இம்முயற்சிகளிலே மரத்துக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் அடிமரம் செல்லும் அளவான துளையே. வேருக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்ற கேள்வி இன்னும் முன்னணிக்கு வரவில்லை.

வீட்டையே நகர்த்தி மரத்துக்கு இடம் விட்ட முயற்சிக்கு ஈம்ஸ் தம்பதியரின் வீடு சிறந்த சான்று. லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கடலோரக் குன்றொன்றில் சார்ள்ஸ் ஈம்சும் ரே ஈம்சும் வீடு கட்ட எண்ணினர். 1945இல் வெளிவந்த முதல் திட்டத்தின்படி அவ்வீடு புல்வெளிக்கு மேலே பாலம்போல் நீண்டு செல்லவிருந்தது. உலகப் போரின் பின் உருக்குப் பொருள்கள் வந்து சேரத் தாமதித்தன. அக்காலத்தில் இருவரும் அந்நிலத்தை அடிக்கடி சென்று பார்த்து, புல்வெளியையும் வரிசையாக நின்ற யூக்கலிப்ரசு மரங்களையும் நேசிக்கலாயினர். ஈற்றில் திட்டத்தை மாற்றி, வீட்டைக் குன்றின் சரிவோடு ஒதுக்கினர். மண்ணைத் தாங்க ஏறத்தாழ 200 அடி நீளமான கொங்கிறீற்றுச் சுவர் வேண்டியிருந்தது. ஆயினும் புல்வெளி தப்பியது, மர வரிசை தப்பியது. 1949இல் நிறைவெய்திய அவ்வீட்டின் முகப்பில் இலைநிழல் ஆடும் அழகைக் காணப் பிற்காலத்திற் பல நாட்டினர் சென்றனர்.

தனிமனிதரின் நேசம் எல்லா மரங்களையும் காக்கப் போதாது. ஆதலால் சட்டமும் தோன்றியது. பிரித்தானியாவில் 1932ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடற் சட்டம் மரப் பாதுகாப்புக் கட்டளைக்கு வழி வகுத்தது. 1947ஆம் ஆண்டின் சட்டம் அதனை விரிவாக்கியது. கட்டளைக்கு உட்பட்ட மரத்தை அனுமதியின்றித் தறித்தலும், தலைவெட்டலும், கிளை களைதலும், வேண்டுமென்றே அழித்தலும் குற்றமாயின.

இலங்கையிலும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரந்தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உரிய அனுமதியின்றித் தறிக்கலாகாது என்பது அதன் உட்கிடை. மூன்றும் பசியைத் தீர்க்கும் மரங்கள் என்பது கருதத்தக்கது. சிங்கள மக்கள் பலாவைச் சோற்று மரம் என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். வடபுலத்தார் பனையைக் கற்பகதரு என்பர். சொந்தக் காணியில் நிற்பினும், ஊருக்கு உணவாகும் மரம் உரிமையாளருக்கு மட்டும் உரியதன்று என்ற கருத்து இச்சட்டத்தில் உறைகின்றது.

சட்டம் கோடரியைத் தடுக்கலாம். ஆனால் கட்டட வேலையின்போது மரங்கள் பெரும்பாலும் கோடரியால் இறப்பதில்லை. மரத்தின் வேர்கள் ஆழத்தில் ஓடுகின்றன என்று பலர் எண்ணுவர். உண்மையில் அவற்றிற் பெரும்பகுதி நிலத்தின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழத்துக்குள்ளேயே உள்ளது. நீரையும் உணவையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் இன்னும் மேலே இருக்கும். அவை கிளை விரிவையும் கடந்து வெளியே படர்ந்திருக்கும். அவ்வேர்களுக்கு நீர் வேண்டியவாறே காற்றும் வேண்டும். லொறி ஏறி இறங்கும்போது மண்ணின் நுண்டுளைகள் நசுங்குகின்றன. அத்திவாரத்திலிருந்து அள்ளிய மண்ணை அடிமரத்தைச் சுற்றிக் குவித்தால் வேர் மூச்சுத் திணறும். சீமெந்து குழைத்த நீரை ஊற்றினால் மண் காரத்தன்மை அடையும். குழாய்க்கெனக் கிடங்கு வெட்டினால் ஒரு பக்கத்து வேர் முழுதும் அறுபடும்.

இவற்றின் விளைவு உடனே தெரியாது என்பதே பெருங்கேடு. மரம் தன்னிடம் சேமித்துள்ள உணவைக் கொண்டு சில ஆண்டுகள் நின்று பிடிக்கும். வீடு குடிபுகுந்து, வர்ணமும் மங்கத் தொடங்கும் காலத்தில், உச்சிக் கிளைகள் காய ஆரம்பிக்கும். வீட்டார் பூச்சியையோ வறட்சியையோ பழிப்பர். அத்திவாரம் வெட்டிய நாளை எவரும் நினையார். ஒருபக்கத்து வேரை இழந்த மரம் பசுமையாகவே நின்று, ஒரு புயலிரவிற் சாய்ந்து அவ்வீட்டையே நசுக்குவதும் உண்டு. அரைகுறையாகக் காத்த மரம், தறித்த மரத்திலும் ஆபத்தானது.

இவ்வறிவு தொழில் விதியாக உருப்பெற்றது காலந்தாழ்த்தியே. கட்டட வேலையும் மரங்களும் பற்றிய பிரித்தானியத் தரநெறி 1980இல் முதன்முதலாக வெளிவந்தது. அதன் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் வேர்க்காப்பு நிலத்துக்குத் தெளிவான அளவு வகுத்தது. நிலத்திலிருந்து 1.5 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதனைப் பன்னிரண்டாற் பெருக்கிவரும் தூரமே காப்பு வட்டத்தின் ஆரை. மிகப் பெரிய மரத்துக்கும் அது 15 மீற்றருக்கு மேற்படாது. சாதாரண கயிற்றாலும் இதனைக் கணிக்கலாம். மரத்தின் சுற்றளவில் ஏறத்தாழ நான்கு மடங்கே அத்தூரம். சுற்றளவு 5 அடியாயின், 19 அடி வரையுள்ள நிலம் மரத்துக்கு உரியது.

அந்நிலத்தைச் சுற்றி உறுதியான வேலி அமைக்கவேண்டும். முதல் லொறி வளவினுள் நுழையுமுன் அது எழுந்துவிடவேண்டும். வேலிக்குள்ளே கல்லும் மணலும் குவிக்கலாகாது. தொழிலாளர் அடுப்பு மூட்டலாகாது. சிறிய காணியில் முழு வட்டத்தையும் விடுதல் இயலாதாயின், தொடர் அத்திவாரத்துக்குப் பதிலாகத் தனித் தூண்களை நிறுத்தி, நிலமட்டத்துக்கு மேலே வளை பாய்ச்சிக் கட்டலாம். தூணுக்கான குழியைக் கையாலே தோண்டிப் பருத்த வேர் எதிர்ப்படின் இடத்தைச் சற்று மாற்றலாம். பனைக்கும் தென்னைக்கும் இன்னொரு கவனம் வேண்டும். அவற்றின் தண்டிற் பட்ட காயம் ஏனைய மரங்களிற் போல மூடிக்கொள்வதில்லை. ஆகவே சாரக்கயிறு கட்டவும் ஆணி அறையவும் அவற்றைப் பயன்படுத்துதல் தகாது.

எல்லா மரங்களையும் எல்லா வளவிலும் காத்தல் இயலாதென்பதும் உண்மையே. உளுத்த மரமும், அத்திவாரத்தின் நடுவே நிற்கும் மரமும் சில வேளை போகத்தான் வேண்டும். ஆனால் அம்முடிவு வீட்டுப் படம் வரையுமுன் எடுக்கப்படவேண்டியது. படம் முடிந்தபின் மரம் தடையாகத் தோன்றும். படத்துக்கு முன் அதுவும் ஓர் அளவாக அமையும். இலண்டனில் எல்ம் மரம் கூரையின் வடிவை மாற்றியது. கலிபோர்னியாவில் யூக்கலிப்ரசு வீட்டின் இடத்தை மாற்றியது. கட்டுபவர் காணியை அளக்கும் நாளில், மரத்தின் சுற்றளவையும் அதே நாடாவால் அளந்து படத்தில் வட்டமிட்டுக் கொள்வாராயின், பாட்டனார் நட்ட பலாவின் நிழல் பேரப்பிள்ளைகளின் முற்றத்திலும் விழும்.