விரைவும் விசாரணையும்: அயர்லாந்தின் வீடமைப்புச் சட்டம் ஒன்றின் கதை



வரலாறு என்றால் அரசரின் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே என்று எண்ணுவோர் நம்மிடையே இன்னும் பலர் உளர். ஒருவன் வீடு கட்ட யாரிடம் அனுமதி கேட்பது, அயலவன் அதற்கு ஆட்சேபம் சொன்னால் அச்சொல்லை யார் செவிமடுப்பது என்னும் சிறு வினாக்களிலும் ஒரு நாட்டின் வரலாறு அடங்கியிருக்கிறது. அத்தகைய வரலாறொன்றை அயர்லாந்து நாட்டிலிருந்து இன்று எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

அந்நாட்டின் நகர நிர்மாணச் சட்டம் 1963ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. கட்டிடம் எழுப்ப விரும்புவோர் முதலில் தம் உள்ளூராட்சி மன்றத்திடம் அனுமதி பெறவேண்டும். மன்றத்தின் தீர்ப்பை ஏற்காதவர் அமைச்சரிடம் மேன்முறையீடு செய்யலாம். இவ்வுரிமை கட்டிடக்காரருக்கு மட்டும் உரியதன்று. அயலில் வாழும் எளிய குடிமகனுக்கும் உரியதாயிருந்தது. ஐரோப்பிய நாடுகளுள் இவ்வளவு விரிந்த மேன்முறையீட்டு உரிமையை வழங்கியவை மிகச் சில. ஆயின் தீர்ப்பளிப்பவர் அரசியல்வாதியாகிய அமைச்சர் என்பது பலருக்கு ஐயத்தைத் தந்தது. ஆகவே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, ‘அன் போர்ட் பிளனாலா’ என்னும் சுயாதீனத் திட்டமிடற் சபை நிறுவப்பட்டு, மேன்முறையீடுகள் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன.

நாற்பது ஆண்டுகள் இம்முறை நிலவிற்று. இடையே 2008ஆம் ஆண்டில் பொருளாதார வீழ்ச்சி வந்தது. 2006ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90,000 வீடுகள் கட்டப்பட்ட அந்நாட்டில், 2013ஆம் ஆண்டில் 5,000 வீடுகள்கூடக் கட்டப்படவில்லை. பின்னர் தொழில் மீண்டது, மக்கள் பெருகினர், வீடுகளோ பெருகவில்லை. வாடகை ஏறிற்று. குடும்பங்கள் பிள்ளைகளோடு விடுதி அறைகளில் தங்கவேண்டிய நிலை வந்தது. நோட்டுப் புத்தகத்தைக் கட்டிலின் மேல் வைத்து எழுதும் பிள்ளையைப் பற்றி எண்ணும்போது, ஆசிரியத் தொழிலில் முதிர்ந்த என் போன்றோருக்கு நெஞ்சம் கனக்கின்றது. அரசு விரைந்து செயற்பட விரும்பியதில் வியப்பில்லை.

எனவே 2016 டிசெம்பரில் ஒரு புதிய சட்டம் நிறைவேறிற்று. 100 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள், அல்லது 200 மாணவர் படுக்கைகள் கொண்ட பெருந்திட்டங்கள் உள்ளூராட்சி மன்றத்தைக் கடந்து, நேரே திட்டமிடற் சபைக்கே செல்லலாம் என்று அச்சட்டம் வகுத்தது. 2017 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. மனுக் கிடைத்த 16 வாரங்களுள் சபை தீர்ப்பளிக்க வேண்டும். மக்கள் தம் கருத்தை எழுதி அனுப்ப 5 வாரங்கள் தரப்பட்டன. உள்ளூர் மன்றம் ஓர் அறிக்கை அனுப்பவேண்டும். தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. மேன்முறையீட்டு அமைப்பே முதல் நீதிபதியாகவும் அமர்ந்தமையால், மேன்முறையீட்டுக்கு வேறிடம் இல்லாது போயிற்று.

இங்கேதான், நேயர்களே, இவ்வரலாற்றின் பாடம் தொடங்குகின்றது. வாயிற்கதவை அடைத்தால் வந்தவர் திரும்பிப் போவர் என்று சட்டம் இயற்றியோர் எண்ணினர். வந்தவரோ வேறு கதவைத் தட்டினர். எஞ்சியிருந்த ஒரே கதவு மேல் நீதிமன்றம். ‘இக்கட்டிடம் எங்கள் தெருவுக்குத் தகுமா?’ என்று நீதிபதியிடம் கேட்க முடியாது. ‘சபை சட்டப்படி நடந்ததா?’ என்று மட்டுமே கேட்கலாம். மக்கள் அதையே கேட்டனர். கோல்வே மாவட்டத்துப் பர்ணா என்னும் கடற்கரை ஊரில், குடியிருப்பாளரின் நிறுவனமொன்று தொடுத்த வழக்கில், மாவட்ட அபிவிருத்தித் திட்டத்துக்கு முரணாக அனுமதி வழங்கப்பட்டதென்று கண்டு, 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவ்வனுமதியை நீக்கிற்று. இவ்வாறு வேறு பல அனுமதிகளும் நீதிமன்றத்தில் வீழ்ந்தன. வழக்குத் தொடுக்கப்பட்ட திட்டங்கள் தீர்ப்பை எதிர்நோக்கி நின்றன. வாரங்களை மிச்சப்படுத்த எழுந்த சட்டம் மாதங்களை விழுங்கத் தொடங்கிற்று. வழக்கில்லாது அனுமதி பெற்ற திட்டங்களுள்ளும் பல, அத்திவாரம்கூட இடப்படாமல் கிடந்தன. அனுமதிப் பத்திரம் மழைக்கு ஒதுங்கும் கூரையாகுமா?

இறுதியில் அரசு தன் வழியைத் திருத்திக்கொண்டது. 2021 டிசெம்பரில் நிறைவேறிய மாற்றுச் சட்டம், பெருந்திட்டங்களையும் முதலில் உள்ளூராட்சி மன்றத்திடமே மீண்டும் அனுப்பிற்று. மனுவுக்கு முன்னரே மன்றத்தாரும் கட்டிடக்காரரும் கலந்து பேசிக் குறைகளைக் களையவேண்டும். பின்னர் மன்றம் 8 வாரங்களில் தீர்ப்பளிக்கவேண்டும். மேன்முறையீடு வருமாயின் சபை 16 வாரங்களில் முடிவு கூறவேண்டும். காலவரையறை நிலைத்தது, இழந்த மேன்முறையீட்டு உரிமையும் மீண்டது. 2025 யூனில் அச்சபை கலைக்கப்பட்டு, 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ‘அன் கொமிசியூன் பிளனாலா’ என்னும் ஆணைக்குழு அதனிடத்தைப் பெற்றது.

இதனால் அந்நாட்டின் வீட்டுப் பஞ்சம் தீர்ந்துவிட்டது என்று நான் கூறவில்லை. பணமும் கூலியாளும் நிலமும் நீர்க்குழாயும் இன்றி எச்சட்டமும் சுவர் எழுப்பாது. அயலவர் ஆட்சேபங்கள் அனைத்தும் நியாயமானவை என்றும் கூறேன். தனக்கு வீடு கிடைத்தபின் பிறருக்கு இடந்தர மறுப்போரும் உளர். விடுதி அறையில் காத்திருக்கும் குடும்பத்தின் அவசரமும் உண்மை. தெருவாசியின் கேள்வியும் உண்மை. ஒன்றைக் காக்க மற்றொன்றின் வாயை மூடியபோது இரண்டுமே நட்டப்பட்டன என்பதே அந்த ஐந்தாண்டுகள் காட்டிய உண்மை.

பதறாத காரியம் சிதறாது என்றனர் நம் முன்னோர். பதறாமை என்பது சோம்பியிருத்தலன்று. கேட்கவேண்டியவரைக் கேட்டு, குறித்த நாளில் முடிவு சொல்லுதல். அதற்குச் செலவாகும் காலம் வீண் காலமன்று.